திறந்த மென்பொருளும் சிறு முதலாளியும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் என்றதும், பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். டில்லித் தமிழரும் மும்பைத் தமிழரும் பெங்களூர்த் தமிழரும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் கதை வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்; எல்லைக் கோடுதான் நகர்ந்தது. 1911ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. சித்தூர், நகரி, புத்தூர், திருப்பதி ஆகிய ஊர்கள் ஆந்திரத்திலேயே நிலைத்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இந்த வரலாற்றினால் அப்பகுதி மக்களுக்குக் கிடைத்த செல்வம் ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று இரு மொழிகளும் அவர்களுக்கு நாவில் பழகியவை. வேலூருக்கும் போவார்கள், பெங்களூருக்கும் போவார்கள், சென்னைக்கும் போவார்கள். எங்கும் அந்நியராக நிற்பதில்லை. இந்த மொழிச் செல்வத்தைக் கொண்டு, ஊரில் இருந்தபடியே ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ இணையத்தின் வழியாகச் சிறு தொழில் ஒன்று நடத்த முடியுமா? அதற்கு வேண்டிய மூலதனம் எங்கிருந்து வரும்? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

மூலதனத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு விலையும் இல்லை. அதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதை மனிதர் எழுதுகின்ற வடிவத்துக்கு மூல நிரல் என்று பெயர். பெரும்பாலான வணிக நிறுவனங்கள் இந்த மூல நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதன் பயனை மட்டும் விலைக்குத் தருகின்றன. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இதற்கு மாறான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். மென்பொருளை எவரும் இயக்கலாம், அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகள் அந்த இயக்கத்தின் அடிப்படை. 1991இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அதே வழியில் வளர்ந்து, இன்று உலகத்துச் சேவைக் கணினிகளில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளமும் அதுவே.

நம் வீடுகளில் உறைமோர் இரவல் வாங்கும் வழக்கம் உண்டு. அண்டை வீட்டு அக்காள் ஒரு கரண்டி மோர் கொடுப்பதனால் அவர் சட்டியில் தயிர் குறைந்துவிடுவதில்லை. நம் வீட்டில் ஒரு பானைப் பால் தயிராகிறது. நாளைக்கு அவர் வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் நாம் கொடுக்கிறோம். மென்பொருளின் இயல்பும் இதுவே. கொடுத்தாலும் குறையாது, பிரதி எடுப்பதற்குச் செலவில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. உறைமோர்தான் இரவலாகக் கிடைக்கும். பால் நம்முடையதாக இருக்க வேண்டும். திறந்த மென்பொருளைக் கொண்டு தொழில் செய்ய நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என்னிடம் பால் எங்கே என்பதுதான்.

இங்கே சொல் ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி அக்கறை உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் ‘விலையில்லாத’ என்றும் பொருள்படும், ‘தளையில்லாத’ என்றும் பொருள்படும். இந்த இரட்டைப் பொருளால் அவ்வியக்கத்தார் பல ஆண்டுகள் விளக்கம் கூறிக்கொண்டே இருக்க நேர்ந்தது. 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற புதுப் பெயர் வழக்குக்கு வந்ததற்கு இக்குழப்பமும் ஒரு காரணம். தமிழில் இந்த இடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. தமிழ் ஆர்வலர்கள் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழகாகப் பெயரிட்டார்கள். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ என்னும் மின்னிதழ் இந்தப் பெயரிலேயே பல பாடங்களைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. ஆந்திர, தெலங்கானப் பகுதிகளில் இத்துறையில் உழைக்கும் அமைப்பு ‘ஸ்வேச்சா’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. அதற்கும் சுதந்திரம் என்றுதான் பொருள். இலவசம் என்று எண்ணித் தொடங்குபவன் விரைவில் ஏமாற்றமடைவான். சுதந்திரம் என்று எண்ணித் தொடங்குபவன் அதன் பொறுப்பையும் சேர்த்து உணர்வான்.

எவரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதை விற்றுப் பிழைப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேட நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் புத்தூர் இருக்கிறது. அவ்வூரின் பக்கத்தில் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வரும் எலும்பு முறிவுக் கட்டு வைத்தியத்தை அறியாத தமிழர் குறைவு. ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைத் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் காண்கிறோம். மருத்துவ நோக்கில் அம்முறையின் நிறைகுறைகளை ஆராய்வது இன்று நம் வேலையன்று. தொழில் நோக்கில் மட்டும் பாருங்கள். முறை பரவிற்று, பெயரும் பரவிற்று. ஆயினும் புத்தூருக்கு ரயிலேறிச் செல்பவர் கூட்டம் நின்றுவிடவில்லை. மக்கள் நாடிச் சென்றது இரகசியத்தை அன்று. பழகிய கையையும், தலைமுறையாக வந்த நம்பிக்கையையும். திறந்த மென்பொருள் வணிகத்தின் சாரம் இதுதான். நிரல் எல்லோருக்கும் உரியது; கைத்திறனும் நம்பிக்கையும் அவரவருக்கு உரியவை.

உலக அனுபவமும் இதை உறுதி செய்கிறது. 1993இல் தொடங்கிய ரெட் ஹாட் என்னும் நிறுவனம், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய லினக்ஸைக் கொண்டே வாணிபம் நடத்திற்று. அது விற்றது மென்பொருளை அன்று. பழுது நேர்ந்தால் உடனே கவனிப்போம் என்ற உத்தரவாதத்தை. 2012ஆம் நிதியாண்டில் அதன் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டிற்று. 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிற்று. உத்தரவாதத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மும்பையில் 2008இல் ருஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே நிறுவனமாகும். கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, சம்பளம், கணக்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் ‘இ.ஆர்.பி. நெக்ஸ்ட்’ என்ற மென்பொருளை அது உருவாக்கி, மூல நிரலுடன் உலகுக்கு வழங்கிற்று. அதைத் தங்கள் கணினியில் நிறுவிப் பராமரிக்க முடியாதவர்களுக்கு நிறுவனமே நிறுவிக் கொடுத்துக் கட்டணம் பெறுகிறது. பல ஊர்களிலுள்ள சிறு குழுக்கள் அதே மென்பொருளை உள்ளூர்த் தொழிற்சாலைக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்துப் பிழைக்கின்றன. மூல நிறுவனத்துக்கும் இலாபம். சிறு குழுக்களுக்கும் இலாபம். ஆலை முதலாளிக்கும் இலாபம்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்று வெற்றி கண்டவர்களும் உண்டு. 1996இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய ஸோஹோ நிறுவனம் தன் மென்பொருள்களைப் பெரும்பாலும் பூட்டியே விற்கிறது. ஆனால் அதனிடமிருந்து கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு இருக்கின்றன. வெளியார் முதலீட்டை நாடாமல், வந்த வருமானத்தைக் கொண்டே வளர்ந்தது ஒன்று. தென்காசியருகே மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் அமைத்து, சிறிய ஊரிலிருந்தும் உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்று காட்டியது மற்றொன்று. பின்னர் திருப்பதிக்கு அருகில் ரேணிகுண்டாவிலும் அந்நிறுவனம் அலுவலகம் திறந்தது. அறிவு ஓரிடத்தில் இருக்க, பிழைப்புக்கு வேறிடம் போக வேண்டும் என்ற விதி இணையத் தொழிலில் கட்டாயம் அன்று.

இப்போது சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு வருவோம். அங்கே ‘பால்’ எங்கே இருக்கிறது?

திருப்பதியில் நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் இறங்குகிறார்கள். அவர்களில் தமிழ் பேசுவோர் தொகை மிக அதிகம். பெரிய விடுதிகளுக்கு வேண்டிய மென்பொருளைப் பெரிய நிறுவனங்கள் விற்கின்றன. பத்து அறை, பதினைந்து அறை வைத்திருக்கும் சிறிய விடுதிக்காரருக்கு இன்றும் பெரும்பாலும் நோட்டுப் புத்தகமே துணை. அவருக்கு வேண்டியது அறை ஒதுக்கீடு, ரசீது, விருந்தினர் பதிவேடு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் செல்லும் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவே.

சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் பல இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் ஆந்திரத்தில் தோதாபுரி என்றும் சொல்லப்படும் மாங்காய் அவற்றுக்கு உயிர். 2025ஆம் ஆண்டில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகச் சேர்த்து 12 ரூபாய் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பருவத்தில் ஆலை வாயிலில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. காத்திருக்கக் காத்திருக்கக் காய் பழுத்து அழுகும், விவசாயிக்கு நஷ்டம். இன்னாருக்கு இன்ன நேரம் என்று முன்னதாகவே சீட்டு வழங்கி, அதைத் தொலைபேசியில் அறிவிக்கும் எளிய முறை விலையை உயர்த்திவிடாது. ஆனால் அழுகலைக் குறைக்கும். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நூல் கணக்கும் கூலிக் கணக்கும் உண்டு. காளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் துணியைத் தொலைவிலுள்ளவருக்கு நேரடியாக விற்க ஒரு கடைவாசல் வேண்டும்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் அடித்தளமான மென்பொருள் ஏற்கெனவே திறந்த நிலையில் கிடைக்கிறது. 2003இல் பிறந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு உலகத்து இணையதளங்களில் பத்தில் நான்கு நடைபெறுகின்றன. அதனுடன் இணையும் வூகாமர்ஸ் என்பது கடை நடத்த உதவுவது. தகவலைச் சேமிக்க போஸ்ட்கிரஸ், மரியா டி.பி. போன்றவை இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒருவர் தாமாகவே எழுத முற்பட்டால் ஆயுள் போதாது. எடுத்துச் சேர்த்து, உள்ளூர் வழக்கத்துக்குப் பொருத்தி, உள்ளூர் மொழியில் பேச வைத்து, பழுதுபட்டால் ஓடிப்போய்ச் சரிசெய்து கொடுப்பதே சிறு முதலாளியின் பால்.

வரவு செலவையும் பார்த்துவிடுவோம். கணக்கு விளங்குவதற்காகக் கற்பனையாகச் சொல்கிறேன். சித்தூரில் இருவர் கூடி ஒரு தொழில் தொடங்கி, 40 சிறிய விடுதிகளைச் சேர்த்து, விடுதிக்கு மாதம் 1,500 ரூபாய் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வரவு 60,000 ரூபாய். சேவைக் கணினிக்கு 5,000, அறை வாடகைக்கு 7,000, பயணத்துக்கும் தொலைபேசிக்கும் 8,000 என்று 20,000 போக, மிஞ்சுவது 40,000. ஆளுக்கு 18,000 எடுத்தால் 4,000 ரூபாய் சேமிப்பு. இதே அளவு தொழிலை விலைக்கு வாங்கிய மென்பொருளின் மீது நடத்தினால், உரிமத் தொகை கட்டுவதிலேயே அந்தச் சேமிப்பும் போய், கூலியிலும் ஒரு பகுதி போகும். ஆறு விடுதிகள் விலகிவிட்டால் வரவில் 9,000 குறைகிறது. அப்போது சேமிப்பு மறைந்து, கூலியிலும் ஆளுக்கு 2,500 குறையும். ஆகவே முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டே இறங்க வேண்டும். பெங்களூர்ச் சம்பளத்துடன் இதை ஒப்பிட்டால் சிறிதாகவே தோன்றும். பெங்களூர் வாடகையையும் சேர்த்து ஒப்பிட்டால் வேறுபாடு குறையும். வாடிக்கை நூறைத் தொட்டால் நிலைமையே மாறும். ஒரு முறை விற்றுப் பெருந்தொகை வாங்குவதைக் காட்டிலும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமாகச் சிறு தொகை தொடர்ந்து வாங்குவதே இத்தொழிலுக்கு ஏற்றது. ஏனெனில் விற்பது பொருளை அன்று, கவனிப்பை. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிறு முதலாளிக்கு மிகப் பெரிய இடையூறு பணமன்று, சந்தேகம். “தம்பி, இன்றைக்கு நீ இருக்கிறாய். நாளைக்கு உனக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டால் என் கணக்கு என்ன ஆவது?” என்று விடுதிக்காரர் கேட்பார். இது நியாயமான கேள்வி. பூட்டிய மென்பொருள் விற்கும் சிறு நிறுவனத்தால் இதற்கு விடை கூற இயலாது. திறந்த மென்பொருளைக் கொண்டு செய்பவர் கூறலாம். “ஐயா, மூல நிரல் இதோ. உங்கள் கணக்கின் பிரதி மாதந்தோறும் உங்களிடம் இருக்கும். நான் இல்லாவிட்டாலும் இதை அறிந்த வேறொருவர் வந்து எடுத்து நடத்தலாம்.” போவதற்கு வழி இருக்கிறது என்று தெரிந்த வாடிக்கைக்காரர் நிம்மதியாகத் தங்குகிறார். திறந்த மென்பொருளால் சிறு முதலாளிக்குக் கிடைக்கும் முதன்மையான நன்மை செலவுக் குறைவன்று. இந்த வாக்குறுதியைக் கொடுக்கும் தகுதியே என்பது என் கருத்து.

அடுத்து உரிமங்களைப் பற்றிச் சிறிது அறிந்திருக்க வேண்டும். திறந்த மென்பொருளுக்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் படிக்காமல் தொழில் தொடங்குவது, பத்திரம் பாராமல் நிலம் வாங்குவதைப் போன்றது. எம்.ஐ.டி., அப்பாச்சி என்ற உரிமங்கள் தாராளமானவை. எடுத்துத் திருத்திப் பூட்டியும் விற்கலாம். எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது. ஜி.பி.எல். என்ற உரிமம் சற்றுக் கண்டிப்பானது. திருத்திய மென்பொருளை ஒருவருக்குக் கொடுத்தால், அதன் மூல நிரலையும் அதே உரிமையுடன் அவருக்குத் தர வேண்டும். நம் சேவைக் கணினியில் வைத்துக்கொண்டு பிறரைப் பயன்படுத்த மட்டும் விட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. அந்த வாயிலையும் அடைப்பது ஏ.ஜி.பி.எல்.; இணையத்தின் வழியே பயன்படுத்துபவருக்கும் திருத்திய மூல நிரலைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. எந்த உறைமோரை வாங்கினோம், அதற்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பது நல்லது.

இவ்வழியில் ஆபத்துகளும் உண்டு. முதலாவது, பெரியவர்கள் வந்து எடுத்துக்கொள்வது. எலாஸ்டிக் என்ற நிறுவனம் தேடுதலுக்கான மென்பொருளை அப்பாச்சி உரிமத்தில் வழங்கியிருந்தது. அமேசான் அதைத் தன் சேவையாக விற்றது. சட்டப்படி அதில் குற்றம் இல்லை. 2021இல் எலாஸ்டிக் தன் உரிமத்தை இறுக்கிற்று. உடனே அமேசான் பழைய பிரதியிலிருந்து ஓப்பன்சர்ச் என்று தனிக் கிளை தொடங்கிற்று. 2024இல் எலாஸ்டிக் ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் சேர்த்துத் திறந்த வழிக்குத் திரும்பிற்று. நடுவழியில் விதியை மாற்றினால் உடன் உழைத்தவர் மனம் சலிக்கும்; ஆதலால் தம் சொந்தப் படைப்பை வெளியிடும் சிறு முதலாளி உரிமத்தைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரையும் காத்துக்கொள்ள வேண்டும். நிரல் திறந்திருந்தாலும் வர்த்தகப் பெயர் திறந்ததாகாது. 2024இல் வேர்ட்பிரஸ் பெயரைப் பயன்படுத்துவது பற்றி எழுந்த தகராறு அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. புத்தூர் கட்டுப் பலகைகளைப் பார்த்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இரண்டாவது ஆபத்து, அடித்தளம் விரிசல் விடுவது. 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரிய குறை வெளிப்பட்டது. இணையதளங்களின் பூட்டாக விளங்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் அது இருந்தது. உலகத்து வங்கிகளும் வணிகங்களும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவரே. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மற்றொன்றிலும் பெருங்குறை வெளிப்பட்டது. அதையும் ஒரு சிலர் ஓய்வு நேரத்தில் கவனித்து வந்தார்கள். ஊர் முழுவதும் நீர் இறைக்கும் கிணற்றைத் தூர்வார ஒருவரும் இல்லை என்ற நிலை அது. ஆகவே சிறு முதலாளி தாம் எடுத்த பகுதிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, திருத்தங்கள் வெளியாகும்போதெல்லாம் உடனே சேர்க்க வேண்டும். விடுதிக்கு வருபவர்களின் அடையாளச் சீட்டு விவரங்கள் நம் கையில் இருக்கும்போது இது இன்னும் முக்கியம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்பொறுப்பைப் பற்றியதே. வேண்டாத விவரத்தைக் கேட்காமல் இருப்பதே முதற் பாதுகாப்பு.

வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பெங்களூரிலுள்ள ஸெரோதா நிறுவனம் 2024இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி, உலகெங்குமுள்ள திறந்த மென்பொருள் பணிகளுக்கு உதவும் நிதி ஒன்றை ஏற்படுத்திற்று. சித்தூர்ச் சிறு முதலாளியால் அவ்வளவு இயலாது. குறை கண்டால் தெரிவிக்கலாம், திருத்தினால் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழிலும் தெலுங்கிலும் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். இரு மொழியறிந்த எல்லைப்புறத்தார் செய்யக்கூடிய கொடை இதைவிடச் சிறந்தது இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ‘ஏஐ4பாரத்’ குழுவினர் 2023இல் அட்டவணை மொழிகள் 22க்கும் பயன்படும் ‘இண்டிக்டிரான்ஸ்2’ என்ற மொழிபெயர்ப்புப் பொறியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். அதைக் கொண்டு அறிவிப்புகளை விரைவில் பெயர்க்கலாம். ஆனால் பொறி பெயர்த்ததைப் பழகிய கண் ஒருமுறை பார்த்தே அனுப்ப வேண்டும். ‘அறை காலியாக உள்ளது’ என்பதற்கும் ‘அறையைக் காலி செய்யவும்’ என்பதற்கும் இடையே தடுமாறினால், நள்ளிரவில் குழந்தை குட்டிகளுடன் வந்திறங்கிய யாத்திரிகர் தெருவில் நிற்க நேரிடும். அந்தக் கண் நம்முடைய பாலில் ஒரு பகுதி.

அரசாங்கமும் இத்துறைக்குக் கதவைத் திறந்திருக்கிறது. மத்திய அரசு 2015இல் வெளியிட்ட கொள்கைப்படி, அரசுப் பணிகளுக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். அதை ஒதுக்கினால் காரணம் கூற வேண்டும். திருப்பதியிலேயே 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015இல் ஐ.ஐ.டி.யும், ஐ.ஐ.எஸ்.இ.ஆர். என்னும் அறிவியல் கல்வி நிலையமும் வந்தன. படித்த இளைஞர்களுக்கு அங்கே குறைவில்லை. அவர்கள் படித்து முடித்ததும் எந்த ரயில் ஏறுவது என்று மட்டுமே யோசிக்கும் நிலை மாற வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சூரத்தில் இருக்கலாம், கொல்கத்தாவில் இருக்கலாம், ஐதராபாத்தில் இருக்கலாம். உங்கள் பிள்ளைகளும் சித்தூர்ப் பிள்ளைகளைப் போலவே இரண்டு மூன்று மொழிகளுடன் வளர்கிறார்கள். உங்கள் தெருவிலும் நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதும் கடைக்காரர் ஒருவர் இருப்பார். அவர் மொழியில் அவருடன் பேசி, அவருக்கு என்ன இடர்ப்பாடு என்று கேட்டறியும் பிள்ளையிடம் தொழிலுக்கான விதை இருக்கிறது. ‘சொந்தத் தொழில் வேண்டாம், உத்தியோகமே போதும்’ என்று நாம் அவசரப்பட்டு அதைக் கிள்ளிவிடலாகாது. துணிந்து இறங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளவும் கூடாது. ஒரு வாடிக்கைக்காரர், ஒரு சிறு வேலை, ஆறு மாத அவகாசம் என்று அளந்து கொடுத்துப் பார்க்கலாம். அந்த ஒருவர் இரண்டாம் மாதமும் தாமே பணம் கொடுத்தால் தொழில் பிறந்துவிட்டது என்று கொள்ளலாம். கொடுக்கவில்லையென்றால் செலவு சிறிது, கற்றது பெரிது.

பெரிய முதல் உள்ளவர்கள் மட்டுமே நடத்தக்கூடிய தொழில்கள் உலகத்தில் பல உண்டு. இந்தத் தொழில் அப்படிப்பட்டதன்று. உலகத்துச் சிறந்த கைவினைஞர்கள் எழுதிய நிரல்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. அவற்றை நன்றியுடன் எடுத்து, நம் ஊர் வழக்கமும் நம் மொழியும் அறிந்த கையால் பக்குவப்படுத்தி, சொன்ன சொல் தவறாமல் கவனித்துக் கொடுப்பவருக்கு, சித்தூரிலும் பிழைப்பு உண்டு. திருப்பதியிலும் பிழைப்பு உண்டு. நீங்கள் வாழும் ஊரிலும் உண்டு.